உயராய்வும் மேலாய்வும்

சின்னவளுக்கு இடம் கிடைத்துவிட்ட செய்தி வந்தபோது பெரியவள் குக்கரின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"அக்கா, எனக்கு உயராய்வுல சீட் கிடைச்சிருச்சு."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் பெரியவள். பிறகு அந்தக் குக்கரை, வாங்கிய நாளில்கூட அதற்கு இல்லாத பளபளப்புக்குக் கொண்டுவந்தாள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் மனைவி கீழ்வீட்டில், தம்பி மனைவி மாடியில். பெரியவளுக்கு நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை. புகை, சாக்கடை, இரைச்சல் என்று மக்கள் எழுதும் புகார்களுக்கு அவள்தான் பதில் எழுதுவாள். பதில் எப்போதும் ஒன்றுதான்: "இது கொள்கை முடிவு சார்ந்த விஷயம் என்பதால் இப்பிரிவு தலையிட இயலாது." இதை எழுதி எழுதியே அவளுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. அந்தக் கொள்கை முடிவை எந்த அறையில் உட்கார்ந்து எடுக்கிறார்கள், யார் யார் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். முடிந்தால் அந்த அறையில் தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும். சுற்றுச்சூழல் கொள்கையில் முதுகலைப் படிப்பு இருப்பதை விசாரித்து வைத்திருந்தாள். வருஷா வருஷம் அடுத்த வருஷம் சேரலாம் என்று தள்ளிப்போட்டாள். ஒரு நாள் துணி காயப்போடும்போது அதைச் சின்னவளிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

"அப்படிக்கூட ஒரு படிப்பு இருக்காக்கா?" என்று கேட்டவள்தான் இப்போது சமையலறை வாசலில் நின்றாள். சின்னவள் அடுக்குமாடி வீடுகள் விற்பவள். எந்த மரத்தை வெட்டினார்களோ அந்த மரத்தின் பெயரையே கட்டடத்துக்கு வைக்கும் கம்பெனி அவளுடையது.

அன்றிலிருந்து பெரியவளுக்கு நெஞ்சுக்குக் கீழே ஓர் எரிச்சல். அதைப் பொறாமை என்று சொல்ல அவள் மனம் ஒப்பவில்லை. அசிடிட்டி என்று முடிவு செய்து மாத்திரை போட்டாள். மாத்திரைக்கு அது கட்டுப்படவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கூடியது. சின்னவள் ஊருக்குப் போன இரண்டு நாளும் அறவே இல்லை.

அந்த வாரமே அவள் விண்ணப்பித்தாள். உயராய்வு நிறுவனத்துக்கும் போட்டாள், மேலாய்வு மையத்துக்கும் போட்டாள். இரண்டிலும் இடம் கிடைத்தது. அலுவலகத்தில் படிப்பு விடுப்பு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். தவறான இடத்தில் சேர்ந்துவிட்டால் மிச்ச காலம் முழுக்க அதே பதிலை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"எதுல சேர்ந்தா என்ன?" என்றார் கணவர். "ரெண்டும் ஒரே காம்பவுண்டுதானே?"

ஒரே காம்பவுண்டுதான். ஒரு காலத்தில் ஒரே நிறுவனமாகவும் இருந்தது. அங்கே இரண்டு பேராசிரியர்கள் எதிரெதிர் அறைகளில் இணைபிரியாமல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்கு ஒருவருக்கு மட்டும் அழைப்பு வந்தது. அடுத்த மாதமே நடுவில் சுவர் எழும்பியது. கிழக்கே இருந்தவர் உயராய்வு நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். மேற்கே இருந்த அம்மாள் மேலாய்வு மையத்தின் தலைவி ஆனார். இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் உச்சரிப்பதில்லை. 'சுவருக்கு அந்தப்பக்கம்' என்று மட்டும் சொல்வார்கள். பின்னால் ஒரு குளம் இருந்தது. தண்ணீரில் கட்ட முடியாததால் சுவர் அதன் கரையோடு நின்றுவிட்டது. இரண்டு கேன்டீன்களின் கழிவுநீரும் அதில் வந்து கலந்து, நுரை கட்டி நின்றது.

முதலில் உயராய்வு. வரவேற்பறையில் கேடயங்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. கேடயங்கள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

"எதுக்குங்க திருப்பி வெச்சிருக்கீங்க?" என்று வரவேற்பாளரைக் கேட்டாள்.

"திருப்பி வைக்கலீங்க. ஜன்னலப் பாத்து வெச்சிருக்கோம். அந்தப்பக்கத்துலேர்ந்து படிக்கணும்ல."

மாடிப்படிச் சுவரில் 'நாளைய முகங்கள்' என்று வரிசையாகப் படங்கள். முதல் படம் சின்னவள். வீடு விற்கும்போது சிரிக்கிற சிரிப்பை அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் வகுப்பே தொடங்கவில்லை, அதற்குள் முகமாகிவிட்டாள். பெரியவள் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு மேலே ஏறினாள்.

இயக்குநரின் அறை நடுங்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. அவர் கோட்டு போட்டுக்கொண்டு, புவி வெப்பமடைவது பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். நாங்க யாரோடயும் போட்டி போடறதில்ல. அந்தப்பக்கம்தான் போடறாங்க. அதுல நாங்க ஜெயிக்கிறோம், அவ்வளவுதான்."

"சரிங்க சார்."

"எங்ககிட்ட நீர்க் கொள்கைன்னு ஒரு பாடம் இருக்கு. அதப் பாத்துட்டு அவங்க ஆழ்நீர்க் கொள்கைன்னு ஆரம்பிச்சாங்க. உடனே நாங்க அடியாழ நீர்க் கொள்கை கொண்டுவந்தோம்."

"அதுல என்னங்க சார் சொல்லித் தருவாங்க?"

"பாடத்திட்டம் இன்னும் தயாராகல. அவ்வளவு ஆழத்துல தண்ணி இல்லைன்னு பேராசிரியர் சொல்றார். ஆனா பேரு வந்துருச்சு. அவங்களுக்கு அதுக்குக் கீழ போக இடமில்ல."

பெரியவள் தான் கேட்க வந்ததைக் கேட்டாள். "சார், நம்ம ஊர்ல சுற்றுச்சூழல் கொள்கை முடிவுங்கிறாங்களே, அத எடுக்கறது யாருங்க?"

"அதுக்கு ஒரு குழு இருக்கு. நான் அதுல உறுப்பினர்" என்றார் இயக்குநர். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப்பக்கத்து அம்மாவும் உறுப்பினர்தான். அவங்க வர்ற கூட்டத்துக்கு நான் போறதில்ல."

"அவங்க போறாங்களா சார்?"

"அத அவங்களத்தான் கேக்கணும். கேட்டா எனக்கு வந்து சொல்லுங்க."

மறுநாள் மேலாய்வு. அந்தக் கட்டடத்துக்கு உயராய்வைவிட ஒரு மாடி அதிகம். அந்த மாடியில் அறைகள் கிடையாது, மாடி மட்டும்தான். அங்கே காற்றின் தரம் அளக்கும் கருவி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் அதன் வாய் கிழக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "அந்தப்பக்கத்துக் காத்து மோசம்னு ரெண்டு கட்டுரை போட்டாச்சு" என்றார் அழைத்துச் சென்ற உதவிப் பேராசிரியர். "நம்ம பக்கத்துக் காத்த அளக்க நமக்கு அனுமதி இல்லீங்க."

தலைவி அவளை எதிரே உட்காரச் சொன்னார்.

"அவர் உங்கள எவ்வளவு நேரம் உக்கார வெச்சுப் பேசினார்?"

"ஒரு மணி நேரம் இருக்கும் மேடம்."

"அப்ப நீங்க இங்க ரெண்டு மணி நேரம் உக்காருங்க. டீ குடுத்தாரா?"

"குடுத்தாரு."

"பிஸ்கட்?"

"ரெண்டு."

தலைவி மணியடித்தார். ஒரு தட்டு நிறைய பிஸ்கட் வந்தது. பெரியவள் தின்று முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"அவரோட நாற்காலி புதுசாமே. தலை சாய்ச்சுக்க இடம் இருக்கா?"

"கவனிக்கல மேடம்."

"கவனிச்சிருக்கணும். கொள்கைப் படிப்புக்கு வர்றவங்களுக்குக் கூர்மையான பார்வை வேணும்."

பெரியவள் குழுவைப் பற்றி இங்கேயும் கேட்டாள். தலைவி பெருமூச்சு விட்டார்.

"அவர் வரமாட்டார்னு உறுதியாத் தெரிஞ்சா நான் போவேன். அத எப்படி உறுதிப்படுத்தறது? அதனால போறதில்ல."

"அப்ப குழு கூடறதே இல்லையா மேடம்?"

"கூடலைன்னா பழைய கொள்கையே தொடரும். அதுவும் ஒரு கொள்கை முடிவுதானே."

இத்தனை வருஷமும் பெரியவள் எந்த முடிவின் பெயரைச் சொல்லி ஊருக்குப் பதில் எழுதினாளோ, அது யாரும் போகாத ஓர் அறை. எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே குளத்து நுரை மெல்ல அசைந்தது.

"இத யாரும் சுத்தம் பண்ணலையா மேடம்?"

"அவங்க கழிவு எவ்வளவு கலக்குதுன்னு எங்க மாணவர்கள் ஏழெட்டு பேர் அதுல ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. அந்தப்பக்கமும் எங்க கழிவப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்க. திடீர்னு சுத்தம் பண்ணிட்டா பிள்ளைங்க எதிர்காலம் என்ன ஆகறது?"

வீட்டுக்குத் திரும்பிய பெரியவள் இரண்டுமே வேண்டாம் என்று கணவரிடம் சொல்லியிருப்பாள். வாயைத் திறந்தும் விட்டாள். அந்த நேரம் பார்த்து மாடியில் சின்னவள் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டே, "ஐயோ, என் படத்தப் போய் முதல்ல போட்டிருக்காங்க, எனக்கே கூச்சமா இருக்கு" என்று சொல்வது கேட்டது. பெரியவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் போன்கள் வரத் தொடங்கின. அவள் பிஸ்கட் தின்ற செய்தி சுவரைத் தாண்டிவிட்டது போலிருக்கிறது. உயராய்விலிருந்து பேசியவர், அவளுடைய இடம் இனிமேல் வெறும் இடமல்ல, 'சிறப்பு இடம்' என்றார். மாலையில் மேலாய்விலிருந்து பேசி 'அதிசிறப்பு இடம்' என்றார்கள். அடுத்த நாள் உயராய்வு அவளை 'தனிப்பெரும் அதிசிறப்பு' ஆக்கியது. என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டாள். "வகுப்பு ஒண்ணுதாங்க. கூப்பிடற விதம் மாறும்" என்று பதில் வந்தது.

பெரியவளுக்கு இது பிடித்திருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. கல்யாணப் பேச்சில்கூட அவளுக்காக யாரும் இப்படி மல்லுக்கட்டியதில்லை. போன் அடித்ததும் எடுக்கமாட்டாள். மாடி வரைக்கும் கேட்கட்டும் என்று நான்கைந்து முறை அடிக்கவிட்டு எடுப்பாள். பேசும்போது முற்றத்துக்கு வந்துவிடுவாள். "என்னங்க இது, நீங்களும் அவங்களும் மாத்தி மாத்திக் கூப்பிட்டா நான் என்னதான் பண்ணுவேன்" என்று மாடியைப் பார்த்துச் சொல்வாள்.

மாடியிலும் போன் அடிக்கும். அப்போது கீழே டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். "ஏன் குறைச்ச?" என்பார் கணவர். "தலைவலி" என்பாள்.

ஒரு நாள் மொட்டை மாடியில் இருவரும் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டார்கள். கொடியில் ஒரு பக்கம் பெரியவள் வீட்டுத் துணி, மறு பக்கம் சின்னவள் வீட்டுத் துணி.

"எதுல சேரப்போறீங்கக்கா?" என்றாள் சின்னவள், ஒரு போர்வையை உதறிக்கொண்டே.

"அத ஏன் கேக்கற. ரெண்டு பக்கமும் இழுக்கறாங்க. ரெண்டுல எதுன்னே தெரியாம முழிச்சிட்டிருக்கேன்" என்று பெரியவள் அலுத்துக்கொண்டாள். அந்த அலுப்பை அவள் இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள்.

சின்னவள் போர்வையை மறுபடி உதறினாள். அது ஏற்கெனவே உதறிய போர்வைதான்.

"உயராய்வுன்னா ஒண்ணாவே போயிட்டு வரலாம்ல. உங்களுக்கும் துணை, எனக்கும் துணை."

"ஆமா, நல்லாத்தான் இருக்கும்" என்றாள் பெரியவள்.

படி இறங்கும்போதே மேலாய்வு என்று முடிவாகிவிட்டது. தினமும் காலையில் சின்னவளின் முகத்தோடு கிளம்பி, படிக்கட்டில் சின்னவளின் படத்தைத் தாண்டி, வகுப்பில் சின்னவளின் முதுகைப் பார்ப்பதைவிட, யாரும் போகாத அந்தக் குழுவிலேயே போய் உட்கார்ந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

தேர்ந்தெடுக்கும் நாளுக்கு என்று ஒரு விழா வைத்திருந்தார்கள். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து போட்ட ஒரே விதி அது. இரண்டிலும் இடம் பெற்றவர்கள் குளக்கரையில் வந்து நிற்க வேண்டும்; பெயரைக் கூப்பிட்டதும் தங்களுக்கு விருப்பமான வாசலை நோக்கி எல்லோரும் பார்க்க நடக்க வேண்டும். போன வருஷம் ஒருவர் தயங்கி நடுவிலேயே நின்றுவிட்டாராம். இரண்டு பக்கமும் கூப்பிட்ட கூப்பாட்டில் கால் இடறிக் குளத்தில் விழுந்தார். அவர் எந்தப் பக்கத்துத் தண்ணீரில் விழுந்தார் என்பது பற்றி இரு தரப்பும் தனித்தனியாக அறிக்கை வெளியிட்டன.

பெரியவளின் பெயரைக் கூப்பிட்டார்கள். கிழக்கு வாசலில் இயக்குநர், மேற்கு வாசலில் தலைவி, இருவரும் கையை நீட்டியபடி நின்றார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் மேற்கே நடந்தாள். கைதட்டல் எழுந்தது. தலைவி இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் கண்கள் அவள் தோளுக்கு மேலே எங்கேயோ இருந்தன.

"அவர் பாத்தாரா?" என்றார் தலைவி.

"பாத்தாரு மேடம்."

"முகம் எப்படி இருந்துது?"

"சுருங்கிப்போச்சு."

தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க இந்த மையத்துக்குச் செஞ்ச சேவைய நாங்க மறக்கமாட்டோம்" என்றார். அவள் இன்னும் ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை.

முதல் நாள் வகுப்புக்குப் பெரியவள் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். நெஞ்செரிச்சல் இல்லை. மாத்திரை அட்டையைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டாள். கதவைத் தள்ளினாள். முதல் பெஞ்சில், நட்டநடுவில், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சின்னவள் உட்கார்ந்திருந்தாள்.

பெரியவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். சின்னவள் தலை நிமிர்ந்தாள்; முகம் வெளிறிப்போயிற்று.

"நீ உயராய்வுதானே?" என்றாள் பெரியவள்.

"விட்டுட்டேன்க்கா."

"முதல் முகமே நீதானே? படம் போட்டிருந்தாங்களே."

"அது எல்லாருக்கும் போடறதுதாங்க்கா. வாராவாரம் மாத்தி மாத்தி மாட்டுவாங்க. நீங்க வந்த வாரம் என்னுது."

"அப்புறம் எதுக்கு இங்க வந்த?"

சின்னவள் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். வீடு விற்பவளின் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"மேலாய்வுக்கு நானும் போட்டிருந்தேன்க்கா. எனக்கு இல்லைன்னுட்டாங்க. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. உங்களுக்கு ரெண்டும் கிடைச்சுது. அன்னைக்கு மாடியில ரெண்டுல எதுன்னே தெரியலன்னு அலுத்துக்கிட்டீங்க பாருங்க, எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா வயிறு எரிஞ்சுது."

"எரிஞ்சுதா?"

"ஆமாக்கா. தப்புதான். உங்களுக்கு போன் வரும்போதெல்லாம் கதவோரம் வந்து நின்னு கேப்பேன். அசிடிட்டின்னு அவர்கிட்ட சொல்லி மாத்திரை வாங்கிட்டு வரச் சொன்னேன். நீங்க இங்க நடந்து வந்தத உயராய்வு ஜன்னல்லேர்ந்து பாத்தேன். பத்து வருஷமா இந்தப் படிப்ப யோசிச்சவங்க இத எடுத்தா, இதுதான் ஒசத்தியா இருக்கும்னு தோணிச்சு. இந்தம்மாகிட்ட நேரா வந்து, எல்லாரும் பாக்க அந்தப்பக்கத்த விட்டுட்டு வர்றேன், இடம் குடுங்கன்னு கேட்டேன். என் மார்க்கக்கூடப் பாக்கல. எந்த வழியா நடந்து வருவீங்கன்னு மட்டும் கேட்டாங்க."

பெரியவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. சின்னவள் மேல் இரக்கம் வர வேண்டும், அதுவும் வரவில்லை. உள்ளங்காலிலிருந்து ஒரு குளிர்ச்சி மட்டும் மெதுவாக ஏறி வந்தது. தன்னைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரிந்திருக்கிறது. ராத்திரி பூரா எரிந்திருக்கிறது. மாத்திரை வாங்கும் அளவுக்கு எரிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு மரியாதையை யாரும் அவளுக்குச் செய்ததில்லை.

"எந்த மாத்திரை?" என்று கேட்டாள்.

சின்னவள் பெயரைச் சொன்னாள்.

"அது கேக்காது. நான் சொல்றேன் வேற ஒண்ணு" என்றபடி பெரியவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தலைவி உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். உயராய்விலிருந்து இந்த வருஷம் இருவரை இழுத்துவிட்ட வெற்றியை முதலில் அறிவித்தார். பெரியவளும் சின்னவளும் எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள். பிறகு பொதுவளம் என்ற முதல் பாடம் தொடங்கியது.

"பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு பேர், ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தா, நடுவுல இருக்கறத யாரும் பாக்கமாட்டாங்க. அது நாறிப்போகும்" என்றார் தலைவி. "உலகத்துல எங்க வேணா இதப் பாக்கலாம். எழுதிக்கோங்க. அதுக்கு முன்னாடி யாராவது அந்த ஜன்னல மூடுங்க, குளத்து நாத்தம் தாங்கல."

ஜன்னலை மூடினார்கள். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். பெரியவளின் வாய் ஓரத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, பக்கத்தில் பார்த்தாள். சின்னவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க நோட்டில் கவிழ்ந்திருந்தாள். மாடியும் கீழ்வீடும் ஒன்றாகச் சிரித்தது அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை.

பெரியவள் முழங்கையால் அவளை மெல்ல இடித்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றாள். "நடுவுல நான் உக்காரணும்."